தலைக்கு இவ்வளவு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒருவர் வந்தார். ஒரு கால்பந்தை எடுத்துத் தட்டினார், வாசலில் வைத்துத் தட்டினார், காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்தார். கடைசியில் காற்றடிக்கிற பம்பு மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பந்து அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதாம். நல்ல போணி.

மதியம் மருமகள் வந்தாள். வீட்டில் பேசினால் நான் மாமியார், கடையில் பேசினால் வியாபாரி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கடைக்கே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அத்தை, ஒரு விலை சொல்லித் தரணும்" என்றாள்.

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக ஒரு ஆப் செய்திருக்கிறாள். வார இறுதியில் பொழுதுபோக்காக விளையாடுகிறவர்களின் லீக்கை நடத்துவதற்கு. யார் எந்த அணி, யாரோடு யாருக்கு எப்போது ஆட்டம், மைதானம் நனைந்திருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகவல், யார் ஜெயித்தார்கள் - எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் வாலிபால் லீக் போன வருடம் முழுக்க அதைச் சும்மா பயன்படுத்திப் பார்த்தது. நாற்பது தாண்டிய ஆண்களும் பெண்களும் கலந்து ஆடுகிற லீக். என் வீட்டுக்காரர் ஆடுவதும் அதில்தான். ஆடுவது என்று எழுதிவிட்டேன். பெஞ்சில் உட்காருவது.

மார்ச்சில் புது சீசன். அதற்குள் விலை போட வேண்டும்.

"சும்மா குடுத்தப்ப நல்லா இருக்குன்னாங்க. காசு கேட்டா என்ன சொல்லுவாங்களோ, அத்தை."

"சும்மா கிடைக்கிறதைப் பாராட்ட என்ன செலவு? காசு கேட்டப்புறம் சொல்றதுதான் மார்க்கு" என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மற்ற ஆப்காரர்கள் எப்படி விலை போடுகிறார்கள் என்று மருமகள் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தைக்குள் நடப்பது போல இருந்தது.

ஒருத்தன் மாத வாடகை வாங்குகிறான். லீக் நடப்பதே வருடத்தில் நான்கைந்து மாதம். மைதானத்தில் புல் முளைத்துக் கிடக்கிற மாதத்துக்கும் பணம் கட்டச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். இன்னொருத்தன் லீக்காரர்களிடம் காசே கேட்பதில்லை. ஆட்டக்காரர்கள் சேரும்போது கட்டுகிற கட்டணத்தில் நூற்றுக்கு இத்தனை என்று கிள்ளிக்கொள்கிறான். தரகு. தரகு என்று பேர் சொல்லி வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, இலவசம் என்று போர்டு வைத்துவிட்டு வாங்குகிறானே. மூன்றாமவன் ஆப்பை இலவசமாகக் கொடுத்து, அட்டவணையை மாற்ற வேண்டுமென்றால் காசு என்கிறான். வீடு இலவசம், சாவிக்கு விலை. ஒருத்தன் விலையே போடவில்லை, 'எங்களை அழையுங்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறான். அது ஆள் முகத்தைப் பார்த்து விலை சொல்கிற கடை. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் விற்றேன், அதனால் அவனைத் திட்ட மாட்டேன்.

மிச்சம் இரண்டு வழி. ஓர் அணிக்கு இவ்வளவு. அல்லது தலைக்கு இவ்வளவு.

நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு சாக்ஸ் விற்று மேலே வந்தவள் நான். எண்ணி விற்றால் சண்டை வராது - அங்கே படித்த பாடம். பத்துப் பேரா, பத்து. இருபதா, இருபது. எனக்குத் தலைக்கணக்குதான் சரியென்று பட்டது.

"அணிக்குன்னு வெச்சா அவங்களுக்குச் சுலபம் இல்லையா அத்தை?" என்றாள்.

"அவங்களுக்குச் சுலபம். உனக்கு?"

குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று முடிவாயிற்று. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உனக்கு மாசம் பிறந்தா சம்பளம். நீ சாப்பிடு" என்றேன். மருமகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்று கேட்டார். "பெஞ்சுல உட்கார்றவனுக்கும் அதே ரேட்டா?"

"பஸ்ல நின்னாலும் உட்கார்ந்தாலும் டிக்கெட் ஒண்ணுதானேங்க."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 14, சனி

வாலிபால் வலைகள் வந்து இறங்கின. அத்தனையும் சிக்கு. வலை விற்றுப் பணக்காரர் ஆனவர்கள் யாரும் கிடையாது, சிக்கெடுத்தே ஆயுள் போய்விடும்.

மார்ச் 2, திங்கள்

விலை வெளியே போயிற்று. எங்கள் ஊர் லீக் சேர்ந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் இரண்டு. ஒருவரும் பேரம் பேசவில்லையாம். மருமகள் போனில் கத்தினாள், "அத்தை, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு!" நான் சொன்ன மாதிரி நடந்தால் எனக்குப் பிடிக்கும். மறைப்பானேன்.

மார்ச் 7, சனி

சீசனின் முதல் சனிக்கிழமை. இவர் போகவில்லை. முட்டி வலி என்றார். தைலம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

இன்றும் போகவில்லை. மாலையில் போன் செய்தபோது எடுக்கவில்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார். டிவி ஓடவில்லை. விளக்குப் போடவில்லை.

அந்த நாற்காலியை எனக்குத் தெரியும்.

இவர் வேலை பார்த்த ஆபீஸை இழுத்து மூடியபோது இப்படித்தான் உட்கார்ந்தார். நான் கடைக்குக் கிளம்பும்போது எப்படி இருந்தாரோ, திரும்பும்போதும் அப்படியே. கேட்டால் பதில் உண்டு, கேட்காவிட்டால் பேச்சில்லை. ஒரு வருடத்துக்கு மேல். மாத்திரை சாப்பிட்டார், நடந்து பார்த்தார். ஒருநாள் பந்து வாங்க வந்த கண்ணாடிக்கடைக்காரர், தன் வாலிபால் அணிக்கு ஆள் குறைகிறது என்றார். நான் இவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எதிர் டீம்ல ஒரு அம்மா சர்வீஸ் போட்டாங்க பாரு, பந்து எங்க விழுதுன்னு எங்க எவனுக்கும் தெரியலை" என்றார். கேட்காமலே அவராகச் சொன்னது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், அழுவதை அவர் பார்க்க வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு ஒரு சனியும் விட்டதில்லை. பெஞ்சில்தான் உட்காருவார். வந்து ஞாயிறு முழுக்க அதைப் பற்றியே பேசுவார்.

முட்டி வலிதானா? கடவுளே, முட்டி வலியாகவே இருக்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். இவருடைய அணிக்கு அவர்தான் கேப்டன்.

"ஜெர்சி அடிக்கணும்க்கா. ஒன்பது."

"ஒன்பதா? போன சீசன்ல பதினாலு அடிச்சேனே."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசும் இல்லை.

"இப்ப தலைக்குக் காசு ஆயிடுச்சில்லையாக்கா. ஆடறவங்களுக்கு மட்டும் கட்டினா போதும்னு டீம்ல எல்லாரும்... சார்கிட்டயும் சொன்னேன். 'நானே சொல்லலாம்னு இருந்தேன், முட்டி வேற சரியில்லை'ன்னுட்டார். பெரிய மனுஷன்."

"எந்த சாரு?"

தெரிந்தேதான் கேட்டேன்.

"நம்ம சார்தான்க்கா."

ஒன்பது ஜெர்சிக்கு முன்பணம் வாங்கினேன். கை அதுபாட்டுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டது. அது வியாபாரியின் கை, அதற்கு வெட்கம் கிடையாது.

யாரோ எவனோ செய்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இது நான் போட்ட விலை. பஸ், டிக்கெட்னு எவ்வளவு கெட்டிக்காரத்தனமா சொன்னேன்! அவர் கேட்டாரே - பெஞ்சுல உட்கார்றவனுக்கும் அதே ரேட்டான்னு கேட்டாரே. அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நான்தான் சிரிச்சேன். எல்லாரையும் சிரிக்க வெச்சேன். என்ன பொம்பளை நான்?

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன். "ஏன் சொல்லலை?"

"என்னத்தை?"

"முட்டி வலின்னீங்களே."

"முட்டியும் வலிக்குதுதான்."

"ஏங்க!"

"அந்தப் பொண்ணு இப்பதான் கடை திறந்திருக்கா. மொத ஆளா மாமனார் போய், உன் விலையால எனக்கு இடம் போச்சுன்னு நிக்கணுமா?"

"என்கிட்ட சொல்லியிருந்தா உங்க தலைக்கு நான் கட்டியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லலை, முதலாளி."

கல்யாணமான புதிதில் கேலிக்கு வைத்த பேர். இன்று அதில் கேலி இல்லை.

மார்ச் 19, வியாழன்

மருமகளைக் கடைக்கு வரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். ஓர் அணி இரண்டு அணி இல்லை. மூன்று லீக்கிலும் ஏறக்குறைய எல்லா அணியும் ஆளைக் கழித்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு ஆள் இல்லை.

"இந்தக் குறைச்சலை நான் பார்த்தேன் அத்தை. ஜனங்களுக்கு விளையாட்டு சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்."

"சலிக்கலைம்மா. நாம கழிக்க வெச்சோம்."

ராத்திரியெல்லாம் புரட்டிப் போட்டு யோசித்ததை அவளிடம் கேட்டேன். "உன் ஆப்ல ஒரு பேர் கூடுதலா ஏறினா உனக்கு என்ன செலவு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லை அத்தை."

அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறேன். என் கடையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடப் போனால் ஒரு ஜோடி கொள்முதல் போகிறது. அதனால் எண்ணி விற்கிறேன். அவள் சரக்கு அப்படி இல்லை. இருபதாவது ஆளுக்கு அவளுக்குச் செலவே கிடையாது, ஆனால் காசு வாங்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆப்பை சாக்ஸ் மாதிரி விற்க வைத்தேன்.

"அணிக்கு இவ்வளவுன்னு மாத்து. எத்தனை பேர் வேணும்னாலும் சேர்த்துக்கட்டும்."

"இப்ப மாத்தினா விலை போடவே தெரியாதவங்கன்னு சொல்லுவாங்களே. வருமானம் வேற..."

"இப்ப ஒவ்வொரு அணியும் எத்தனை தலைக்குக் கட்டறாங்க?"

"எட்டு, ஒன்பது."

"ஒன்பது தலை விலையை ஓர் அணி விலையா வை. வர்றது இப்பவும் அதுதானே? உனக்கு எங்க குறைஞ்சுது? மேல வர்றவன் சும்மா உள்ள வரட்டும்."

விரலால் மேசையில் கோலம் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் மொதல்ல அணிக்குன்னுதான் சொன்னேன், ஞாபகம் இருக்கா அத்தை?" என்றாள்.

"இருக்கு. அடுத்த தடவை நான் சொன்னா சண்டை போடு."

"உங்ககூடவா? எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரலை." சிரித்துவிட்டாள். என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

புது விலை அறிவிப்பு போயிற்று. 'கட்டண முறையை மேம்படுத்தியுள்ளோம்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிடச் சொன்னேன். 'முதலில் போட்ட விலை தப்பு, மாற்றுகிறோம்' என்று எழுத வைத்தேன். ஒரே ஓர் அணி மட்டும் யாரையும் கழிக்காமல் பதினைந்து பேருக்கும் கட்டியிருந்தது. அதிகம் வாங்கியதைத் திருப்பி அனுப்பினோம். அந்த கேப்டனைப் பார்த்தால் டீ வாங்கித் தர வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார்.

ஏப்ரல் 4, சனி

இவரைக் கூப்பிடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு பேரைத் திரும்பச் சேர்த்தாராம். இவர் போனை மேசையிலேயே வைத்திருந்தார். நான்கு மணிக்குப் பிறகு எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கண்ணாடிக்கடைக்குப் போகாதே என்று இவர் சொல்லியிருந்தார். என் மூக்குக்கண்ணாடியின் காது தளர்ந்திருந்தது, அதற்காகப் போனேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

கண்ணாடிக்கடைக்காரர் திருகாணியை முறுக்கிக்கொண்டே பேசினார். "அக்கா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். சார் தங்கமானவர். ஆனா பந்து அவர்கிட்ட போச்சுன்னா பாயின்ட் போச்சு. மத்தவங்க முனகறாங்க. நான் எப்படி வாய்விட்டுச் சொல்றதுன்னு முழிச்சேன். அந்தத் தலைக்கணக்கு வந்துது. அது சொல்லிடுச்சு."

அப்போ என் விலை அவருக்கு ஒரு சாக்கு. இத்தனை நாளாக வாயில் வராத வார்த்தையை என் விலை பேசிக் கொடுத்திருக்கிறது.

சண்டை போடத்தான் போனேன். வாய் எழவில்லை. ஓடாத சரக்கை நானும்தான் அலமாரியிலிருந்து இறக்குகிறேன். திரும்பி நடக்கும்போதுதான் பதில் வந்தது: அவர் சரக்கு இல்லையே. ஆனால் கடைவாசலைத் தாண்டி வந்த பிறகு வருகிற பதிலுக்கு மதிப்பில்லை.

காதுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

இவரிடம் எதையும் சொல்லவில்லை. விலையால்தான் இடம் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். இதைவிட அது சின்ன வலி. - தெரியாமலா இருக்கும் அவருக்கு?

ஏப்ரல் 11, சனி

கடையிலிருந்து வந்தால் நாற்காலி காலி. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வந்தார்.

"எங்க போனீங்க?"

"சும்மா மைதானம் வரைக்கும்." தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தார். "வேலிக்கு வெளிய நின்னு பார்த்துட்டு இருந்தேன். எனக்கு முன்னாடியே ஒரு ஆறேழு பேர் நிக்கறாங்க. எல்லாரும் அந்தப் பக்கமா போனவங்க மாதிரி, சும்மா வேடிக்கை பார்க்கற மாதிரி முகத்தை வெச்சிருக்காங்க. ஆனா அத்தனை பேர் கால்லயும் விளையாட்டு ஷூ."

"நீங்க?"

"நானும்தான் போட்டுட்டுப் போனேன்."

எல்லாம் கழித்துவிடப்பட்ட ஆட்கள். பேக்கரி அம்மா, பள்ளி வேன் ஓட்டுகிறவர், பாங்கில் வேலை பார்க்கும் ஓர் உயரமான ஆள் - உயரம் இருக்கிறது, குதிக்கத்தான் மாட்டாராம். லீக்கின் செயலாளர் பல் டாக்டர். அவர் மனைவியும் வேலிக்கு வெளியே!

"ராத்திரி அவருக்குச் சோறு கிடைக்குதா?" என்று கேட்டேன்.

சிரித்தார். சத்தமாக.

ஏப்ரல் 15, புதன்

போன். போன். போன். இவர் காதிலிருந்து இறங்கவே இல்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள் தனி அணி ஆகிறார்களாம். பேரே 'வேலி'. கேப்டன் யார் என்றால், முதலில் பேச்சைத் தொடங்கிய குற்றத்துக்காக இவர்.

லீக்கில் இருப்பது ஏழு அணி. வாரா வாரம் ஓர் அணி ஆட்டமில்லாமல் சும்மா இருக்க வேண்டியிருந்தது. எட்டாவது வந்தால் கணக்கு நேராகும், அதனால் பாதி சீசனில் சேர்த்துக்கொள்ளச் செயலாளர் சம்மதித்துவிட்டார். வீட்டில் சோறு கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

"பதிமூணு பேர் ஆயிட்டோம்" என்றார் இவர். "அணிக்கு ஒரே விலைதானே. இன்னும் ரெண்டு பேரைப் பிடிச்சா ஆளுக்கு இன்னும் குறையும்." பட்டியல் போட்டு ஆள் தேடுகிறார். தன் பழைய ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் பேசுகிறார். ஆபீஸ் மூடிய நாளிலிருந்து அவர்கள் பேரையே எடுக்காதவர்.

மருமகள் பணம் வேண்டாம் என்றாளாம். "மாமனாருக்குச் சும்மா குடுத்தா நாளைக்கு ஊரே மாமனார்னு வந்து நிக்கும். உங்க அத்தைகிட்ட என்னத்தைக் கத்துக்கிட்ட?" என்று கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ஏப்ரல் 25, சனி

முதல் ஆட்டம். தோல்வி. எப்படித் தோற்றார்கள் என்று ஒவ்வொரு பந்தாகச் சொன்னார். சாப்பாடு ஆறிப்போய், சூடு பண்ணி, மறுபடி ஆறிப்போயிற்று.

"அப்ப கேப்டன் எங்க நின்னாரு?"

"பெஞ்சுல."

"கேப்டனே பெஞ்சுலயா?"

"எனக்கு ஆட வராதும்மா. அது எனக்குத் தெரியாதா? கண்ணாடிக்கடைக்காரர் பண்ணினது தப்பே இல்லை." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "எனக்கு அங்க உட்காரணும், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தா எல்லாரும் அழகா ஆடறாங்க."

அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரிடம் மறைத்து வைக்க வேண்டிய வலி என்று நான் பொத்திக்கொண்டு நடந்தேனே!

மே 9, சனி

வேலி மறுபடி தோற்றது. மருமகளுக்கு நான்காவது லீக். ஆளை எண்ணாத விலை என்று கேள்விப்பட்டு அவர்களாகவே கூப்பிட்டார்களாம். என்ன விலை சொல்லட்டும் என்று என்னிடம் கேட்கவில்லை. அவளே சொல்லி முடித்துவிட்டாள். முதலில் சுருக்கென்றது. பிறகு சந்தோஷம்.

மே 14, வியாழன்

பில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மருமகளின் ஆப். 'வேலி அணியில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. வருவீர்களா?'

வாடிக்கையாளர் மிச்சக் காசுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் போனையே பார்க்கிறேன்.

வீட்டில் வந்து கேட்டேன். "என்னங்க இது கூத்து?"

"ஒரு ஆள் கூடினா காசு கூடாது. நீ போட்ட விலைதானே?"

"எனக்குப் பந்தை விக்கத்தான் தெரியும்."

"எங்க டீம்ல மட்டும் யாருக்குத் தெரியுது? பெஞ்சுல வந்து உட்காரு. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

"சனிக்கிழமை சாயங்காலம்தான் வாரத்துலயே வியாபாரம். பையன்களால மட்டும் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. போயிடுமே."

"போகும்" என்றார். சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

மே 15, வெள்ளி

அட்டையில் எழுதி ஷட்டரில் ஒட்டியாயிற்று. சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குக் கடை அடைக்கப்படும்.

என் கால் அளவுக்குக் கடையில் ஷூ இல்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, நாளைக் காலைக்குள் வேண்டும் என்றேன்.

"எத்தனை டஜன்க்கா?" என்றார்.

"ஒரு ஜோடி" என்றேன்.